மூன்றும் நான்கும் ஏழு

“சித்தப்பா, இரட்டைத் தாக்குதல்!” என்று மேஜிக் த கேதரிங் அட்டை விளையாட்டில் பெறாமகன் போரோஸ் சார்ம் என்ற மந்திர அட்டையை மேசையில் வைத்தான்.

டச் பே கடற்கரைப் பக்கத்துக் காற்றில் அட்டைகள் பறந்துவிடாதபடி விறாந்தையில் தேநீர்க் கோப்பைகளைப் பாரம் வைத்திருந்தோம். எனக்கு உயிர்ப்புள்ளி 7. அவனுடைய 3/3 வீரனை (வலிமை 3, தாங்குதிறன் 3) நான் தடுக்கவில்லை. வீரன் இரண்டு முறை அடித்ததில் ஆறு போயிற்று, ஒன்று எஞ்சியது. அடுத்த சுற்றில் நான் வென்றுவிட்டேன்.

2013இல் வந்த அந்த அட்டைக்குச் செலவு இரண்டே மனா (மந்திரம் போடத் தேவையான ஆற்றல்), சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. எதிராளிக்கு நேரடியாக 4 சேதம், களத்திலுள்ள நம் அட்டைகள் அனைத்துக்கும் அந்தச் சுற்று முடியும்வரை அழியாமை, ஒரு வீரனுக்கு இரட்டைத் தாக்குதல் ஆகிய மூன்றில் ஒன்றைப் போடும்போதே தெரிவுசெய்ய வேண்டும்.

தடுக்கப்படாத வீரனின் வலிமை 4க்குக் குறைவென்றால் நேரடிச் சேதமே கூடுதல். 4 என்றால் இரண்டும் சமம். 5இலிருந்துதான் இரட்டைத் தாக்குதல் முந்தும். தடுக்கப்பட்டுவிட்டாலோ கணக்கே வேறு: 3/3க்கு எதிரே 3/3 நின்றால், இரட்டைத் தாக்குதல் பெற்றவன் முதல் அடியிலேயே எதிரியை வீழ்த்திவிட்டுக் காயமின்றித் திரும்புவான்.

“மூன்றும் நான்கும் ஏழு” என்று, நேரடிச் சேதத்தைத் தெரிவுசெய்திருந்தால் தான் வென்றிருக்கலாம் என்பதை அவன் விரல்விட்டு எண்ணியபோது எனக்கு மனம் கனத்தது.

நான் மிகவும் மதிப்பது அழியாமையைத்தான். களம் முழுவதையும் அழிக்கும் மந்திரம் வந்தாலும் நம் வீரர்கள் நிற்பார்கள். ஆனால் வீரனை ஆட்டத்திலிருந்தே அகற்றும் நாடுகடத்தும் மந்திரத்தின் முன் அது உதவாது.

அவனுடைய அட்டைக்கட்டில் இப்போது இந்த அட்டையின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. நான்காக்கச் சொல்லியிருக்கிறேன்.