உதடு மூடாத குடியானவன்

கொரியத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறேன். இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்திருக்கிறேன், ஒன்றும் ஞாபகமில்லை. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

கொரியாவை ஜோசன் வம்சம் ஆண்ட காலத்துக் கதை. வரி வசூலிக்க வந்தவன் கூரைவீட்டு வாசலில் நின்றுகொண்டு, செத்துப்போன அப்பன் பெயருக்கும் வரித்துணி கேட்கிறான். விவசாயி கெஞ்ச, இவன் 'சங்னோம்' என்று வைகிறான், சாதாரணக் குடிமக்களை இளக்காரமாகச் சொல்லும் சொல். நான் 'குடியானவனே' என்று எழுதியிருந்தேன். சங்னோமின் கடைசியில் உதடு மூடும், என் சொல்லில் மூடாது.

"இவன் அடிமைதானே தம்பி? அடிமைன்னு போட்டா வாய் உக்காருதே" என்றார் டப்பிங் டைரக்டர்.

"போட்டுக்கலாம் சார்" என்றேன். ராத்திரி ஒன்பதரை, இன்னும் பாதி எபிசோட் பாக்கி.

அவன் அடிமை இல்லை. அடிமைகளுக்கு அங்கே 'நோபி' என்று தனிப் பெயர். இவன் சாங்மின், நிலத்தை உழுது வரி கட்டுகிற சாதாரணக் குடிமகன். சட்டப்படி அரசுத் தேர்வுகூட எழுதலாம், படிக்க நேரமும் காசும் இருந்தால். பட்டாளத்துக்குப் போகாதவன் வருடத்துக்கு 2 சுருள் துணி கட்ட வேண்டும். 1750-ல் யொங்ஜோ மன்னர் அதை ஒன்றாக்கினார். யாங்பான் மேட்டுக்குடி கட்டுவதில்லை, நோபியும் கட்ட வேண்டியதில்லை. அந்தச் சுமை தாங்காமல் தானே போய் அடிமையானவர்களும் உண்டு. அப்படியென்றால் 'அடிமை' என்று போட்டதும் அந்தக் காட்சியே பொய்யாகிவிடுகிறது. அடிமையிடம் யார் பட்டாளத் துணி கேட்பார்கள்?

சரி, இதெல்லாம் பார்க்கிறவருக்கு எதற்கு? ஏழையை ஒருத்தன் மிதிக்கிறான், அது புரிந்தால் போதாதா? அதோடு 'குடியானவன்' தமிழில் வசவே இல்லை, கொஞ்சம் மரியாதைகூட இருக்கிறது அதில். என் சொல்லும் தப்புதானோ என்னவோ. ஆனால் டைரக்டர் கேட்டபோது நான் இதையெல்லாம் யோசித்துச் சம்மதிக்கவில்லை, வீட்டுக்குப் போகணும் என்றுதான் சம்மதித்தேன்.

1803-ல், காங்ஜின் என்ற ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டிருந்த கொரிய அறிஞர் ஜொங் யாக்யொங் ஒரு கவிதை எழுதினார். செத்த அப்பன், பிறந்த சிசு, தான் என்று மூன்று தலைமுறையும் பட்டாளப் பட்டியலில் ஏற, மாட்டையும் பிடுங்கிக்கொண்டு போக, ஒருத்தன் தன் ஆணுறுப்பையே அறுத்துக்கொண்ட சம்பவம். அதைப் படித்தவன் நான். படித்துவிட்டுத்தான் 'போட்டுக்கலாம் சார்'.

போன வாரம் அந்த எபிசோடைத் திரும்பப் பார்த்தேன். வாய் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.