ஃபியூஸ் கேரியர் யார் சட்டைப்பையில்?

2017 மார்ச்சில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் இன்டர்காம் அடித்தது. கீழே லேப்பிலிருந்து டெக்னீஷியன் அண்ணா. எங்கள் பெருங்குடி ஆபீசில் லேப் தரைத்தளம், என் இடம் நான்காவது மாடி.

"யம்மா, ஏழாவது ரேக்குல மேலேர்ந்து நாலாவது மெஷினை நீ ஆன் பண்ணியா?"

"இல்லண்ணா, இப்பதான் வந்து உக்கார்றேன்."

"அப்போ யாரு பண்ணது? மூடியைத் தொறந்து கையை உள்ள வெச்சிருக்கேன், திடீர்னு கெளம்பிடுச்சு."

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கை ஆட்காட்டி விரலைப் பஞ்சால் அழுத்திப் பிடித்திருந்தார். சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியவை. நகத்துக்குக் கீழே பிளந்திருந்தது. முதலுதவிப் பெட்டி திறந்து கிடந்தது. அந்த மெஷின் மூடியில்லாமல் முழு இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் ஆன் பண்ணவில்லை. நான் எழுதிய மென்பொருள் ஆன் பண்ணியது. அது தவறாக வேலை செய்ததால் அல்ல, நான் எழுதியபடியே சரியாக வேலை செய்ததால்.

அந்த லேப்பில் ஏறக்குறைய 160 சர்வர்கள் இருந்தன. நான் சேர்ந்த 2014இல் எது ஓடுகிறது, எது அணைந்திருக்கிறது என்பதற்கு ஓர் எக்ஸெல் ஷீட்தான். ராத்திரி ஒரு மெஷின் தொங்கிவிட்டால் வாட்ச்மேனுக்கு போன் போட்டு, "மூணாவது ரேக், கீழேர்ந்து ரெண்டாவது, முன்னாடி பட்டனை அழுத்திப் பிடிங்க சார்" என்று சொல்லவேண்டும். அவர் சில சமயம் பக்கத்து மெஷினை அணைத்துவிடுவார். யாரோ ஒருவரின் மூன்று நாள் டெஸ்ட் ஓட்டம் அதோடு போகும். அந்த அவதியைத் தீர்க்கத்தான் 2015இல் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

சர்வர் உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சர்வரை அணைத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. ஒயர் பிளக்கில் இருக்கும்வரை மதர்போர்டில் ஒரு மூலைக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அங்கே பிஎம்சி என்ற தனிச் சிறு கணினி விழித்திருக்கும். அதற்குச் சொந்த ஐபி முகவரி உண்டு. அதனிடம் வெளியிலிருந்து பேச ஐபிஎம்ஐ என்றொரு நெறிமுறை. 1998இல் இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி நான்கும் சேர்ந்து கொண்டுவந்தது. 2015இல் அதற்கடுத்த தலைமுறையாக ரெட்ஃபிஷ் வந்தது. எங்கள் மெஷின்கள் பழையவை, ஆகவே ஐபிஎம்ஐதான். எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம்: ஓடுகிறாயா? எழுந்திரு. படு. படுத்து எழுந்திரு.

படுக்கச் சொல்வதில் இரண்டு வகை. ஒன்று மென்மையானது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் "கடையைக் கட்டு" என்று தகவல் போகும். அது தொங்கிப்போயிருந்தால் காதிலேயே வாங்காது. இன்னொன்று வன்மையானது, பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்த மாதிரி. பிஎம்சி சொல்லும் "ஆன்" என்ற பதிலையும் ரொம்ப நம்பக்கூடாது. போர்டுக்கு மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டம் சுருண்டு மணிக்கணக்காக உறைந்து நிற்கும் மெஷினும் "ஆன்"தான். நெட்வொர்க் வழியாக மெஷினை எழுப்பும் இன்னொரு முறையான வேக் ஆன் லேன் இதைவிட மோசம். 102 பைட்டில் ஒரு பாக்கெட், அதில் அந்த மெஷினின் நெட்வொர்க் கார்டு முகவரி 16 முறை. அனுப்பினால் அனுப்பியதுதான். ஒப்புகை அட்டை இல்லாத தபால். சிலர் அதையே போதும் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மென்பொருளில் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு கட்டங்கள். ஒன்று இருக்கவேண்டிய நிலை, மற்றொன்று இருக்கும் நிலை. 60 நொடிக்கு ஒருமுறை எல்லா பிஎம்சிகளையும் கேட்டுவரும். இரண்டு கட்டங்களும் ஒத்துப்போகவில்லையென்றால் மெஷினை இருக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவரும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் ஓபன்ஸ்டாக் என்ற மென்பொருளில் இதே வேலையைச் செய்யும் அயர்னிக் என்ற பகுதியும் வழக்கமாக 60 நொடிக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும். கணக்கும் களமும் வேறுபட்டால், நாம் மாற்றி அமைக்காதவரை, கணக்குப்படி மெஷினைத் திருத்தும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாராவது தவறி பட்டனைத் தட்டினாலும் ஒரு நிமிடத்தில் மெஷின் தானாக எழுந்துவிடும். திரையில் வரிசையாகப் பச்சை. வாட்ச்மேனுக்கு ராத்திரி போன் போவது நின்றது. அந்தத் திரையைப் பார்த்து எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் வர்தா புயலைச் சொல்லவேண்டும். விரல் பிளந்த கதைக்கு உண்மையான தொடக்கம் அங்கேதான். அதை அன்று நான் படித்த விதம் தவறு.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. மதியம் புயல் கரையைக் கடந்தது. மரங்கள் விழாத தெரு இல்லை. ஊரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை, போன் கிடைக்கவில்லை. டெக்னீஷியன் அண்ணா அன்று வீட்டுக்குப் போகாமல் லேப்பிலேயே தங்கிவிட்டார். ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் இரண்டு ஏசிகளில் ஒன்று டிரிப் ஆகித் திரும்ப எழவில்லை. அறையில் சூடு ஏறுவதைப் பார்த்து, யாரையும் கேட்க வழியில்லாமல், அவரே ரேக் ரேக்காகப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட மெஷின்களைக் கையால் அணைத்தார். டார்ச் வெளிச்சத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. இன்றுவரை அந்த லேப்பில் யாரும் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்பேன்.

பிஎம்சிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கரண்ட் போன நொடியே அது செத்துவிட்டது. என் மென்பொருள் கேட்டது, பதில் இல்லை. பதில் இல்லாதபோது கடைசியாகத் தெரிந்ததைக் காட்டு என்று நான் எழுதியிருந்தேன். இரண்டு நாள் அந்தத் திரை 160 மெஷினையும் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊர் ஆபீசில் அதைப் பார்த்த ஒருவர், எல்லாம் ஓடுகிறது என்று வாடிக்கையாளருக்கு மெயிலும் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் யாரோ சுவிட்சை வேறு பிளக்கில் செருகினார்கள். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் மென்பொருள் பிஎம்சிகளை எட்டிப் பிடித்தது, நூற்றுச்சொச்சம் மெஷின் அணைந்திருப்பதைக் கண்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுப்பியது. சர்வர் எழும்போது விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும், இழுவை அதிகம். ஜெனரேட்டர் அப்படியே மல்லாந்தது.

அதன்பிறகு நான் செய்தவை இரண்டு. பதில் வராவிட்டால் பழைய நிலையைக் காட்டாமல் "தெரியவில்லை" என்று சாம்பல் நிறத்தில் காட்டவைத்தேன், கடைசியாகப் பதில் வந்த நேரத்தோடு. எழுப்பும்போது ஐந்தைந்தாக, 30 நொடி இடைவெளி விட்டு எழுப்பவைத்தேன். இரண்டும் சரியான திருத்தங்கள்தான். ஆனால் நடந்ததை நான் மின்சுமைப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தேன். ஒரு மனிதர் காரணத்தோடு அணைத்த மெஷின்களை என் மென்பொருள் அவரைக் கேட்காமல் எழுப்பியிருக்கிறது. அந்த வாக்கியம் அப்போது என் மண்டையில் உதிக்கவேயில்லை. மூன்று மாதம் கழித்து அவர் விரல்தான் அதை எனக்குச் சொன்னது.

அன்று நடந்தது இதுதான். ஒரு மெமரி ஸ்டிக் மாற்றவேண்டும். அவர் முன்பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார். பின்பக்க ஒயர்கள் இரண்டையும் உருவியிருக்கவேண்டும், விதி அதுதான். ஆனால் அந்த ரேக்கின் பின்னால் ஒயர்கள் சடைபோலப் பின்னிக் கிடந்தன. போன வாரம்தான் அப்படி உருவப்போய்ப் பக்கத்து மெஷின் அணைந்து பெரிய பேச்சாகியிருந்தது. அதனால் இந்த முறை விட்டுவிட்டார். மென்பொருள் வந்து பார்த்தது: இருக்கவேண்டியது ஆன், இருப்பது ஆஃப். திருத்திவிட்டது.

பக்கத்து கிளினிக்கில் இரண்டு தையல். திரும்பி வரும்போது டீக்கடையில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேறொன்றைக் கேட்டார்.

"உன் சாப்ட்வேர்ல எல்.சி. உண்டா?"

எனக்குப் புரியவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஏழு வருஷம் இருந்தவர். சொன்னார். லைனில் வேலையென்றால் சப்-ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்கவேண்டும். அங்கே இருப்பவர் பிரேக்கரைத் திறந்து, யாருக்கு, எந்த லைனுக்கு, எத்தனை மணிக்கு என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். வாங்கியவர் திரும்பி வந்து "ஆளுங்க எல்லாம் எறங்கிட்டோம், கை எடுத்துட்டோம்" என்று எல்.சி.யைத் திருப்பித் தரும்வரை, எந்த அதிகாரி போனில் கத்தினாலும் லைனை ஏற்றக்கூடாது. சின்ன வேலையென்றால் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போஸ்டில் ஏறுவார்கள்.

"பாக்கெட்டுல கேரியர் இருக்குதுன்னா கீழ எவன் வந்து இன்னா பண்ணாலும் கரண்ட் வராது. அந்த தைரியத்துலதான் ஏறுவோம். உன் மெஷின்ல என் பாக்கெட்டுல போட்டுக்க இன்னா இருக்குது?"

ஒன்றுமில்லை. இரண்டு கட்டங்கள் வைத்திருந்தேன், இரண்டும் மெஷினைப் பற்றியவை. அதன்முன் நிற்கும் ஆளைப் பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. தொழிற்சாலைகளில் இதே முறைக்கு லாக்அவுட் டேக்அவுட் என்று பெயர். அமெரிக்காவில் 1989இலேயே சட்டவிதியாக வந்துவிட்டது: வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டைப் போடவேண்டும், போட்டவரே கழற்றவேண்டும். மென்பொருள் எழுதும் எங்களுக்கு அது தெரியாமல் போனதற்கு, எங்களில் யாரும் போஸ்ட் ஏறியதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. அயர்னிக்கில்கூடப் பராமரிப்பு என்று குறித்துவிட்டால் அந்த மெஷினைச் சரிபார்ப்பு தொடாது. அந்தக் குறியை நானும் பார்த்திருக்கிறேன். யாருக்கு எப்போது தேவைப்படும் என்று யோசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அடுத்த இரண்டு வாரம் அதைத்தான் எழுதினேன். மூன்றாவது கட்டம்: கை வைத்திருப்பவர். ரேக்கின் மேல் ஒட்டிய குறியீட்டை போனில் ஸ்கேன் செய்தால் அவர் பெயரில் பூட்டு விழும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, இரண்டும் கழன்றால்தான் மெஷின் எழும். பூட்டு இருக்கும்வரை மென்பொருள் நிலையைக் கேட்கும், கட்டளை எதுவும் தராது. பெயர் இல்லாமல் கையால் அணைக்கப்பட்ட மெஷினைக்கூட அது இனி தானாக எழுப்பாது. "யாரோ அணைத்திருக்கிறார்கள்" என்று மஞ்சளில் காட்டிக் காத்திருக்கும். நான் பெருமைப்பட்ட அந்தத் தானியங்கித் திருத்தத்தை நானே எடுத்துவிட்டேன். ஒயர்களை உருவியே ஆகவேண்டும் என்ற விதியும், அதற்காக ரேக்கின் பின்பக்கத்தை ஒழுங்குபடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் கூடவே வந்தன. மென்பொருளில் இருக்கும் பூட்டு ஒயருக்கு ஈடாகாது.

மேனேஜர் மேடம் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு ஒன்றுமட்டும் கேட்டார். அட்மினுக்கு எந்தப் பூட்டையும் கழற்றும் பட்டன் வேண்டும். நியாயமான கேள்விதான், ஆள் லீவில் போனால்? திரையில் அந்தப் பட்டன் இருக்கக்கூடாது என்று நான் நின்றேன். பட்டன் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது அழுத்துவார்கள். அழுத்துபவர் நான்காவது மாடியிலோ வேறு ஊரிலோ இருப்பார். கடைசியில் இப்படி முடிவானது: பூட்டியவர் போனில் சொல்லவேண்டும், அதோடு வேறொருவர் லேப்புக்கு நேரில் போய் மெஷினைக் கண்ணால் பார்த்து, அங்கேயே நின்று கழற்றவேண்டும்.

2018 பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை அது சோதனைக்கு வந்தது. ஒரு டெஸ்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்ட மெஷினில் டெக்னீஷியன் அண்ணாவின் பூட்டு. பவர் சப்ளை மாற்றிவிட்டுக் கழற்ற மறந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. மேடம் என் பின்னால் வந்து நின்றார். "வேலை முடிஞ்சிருக்கும்மா, அவர் பஸ்ல இருப்பார்." முடிந்துதான் இருக்கும். எனக்கும் தெரியும். லேப்புக்கு இறங்கினேன். மெஷின் மூடியிருந்தது, ஒயர்கள் செருகியிருந்தன, சுற்றிலும் யாருமில்லை. அப்போதும் தொடவில்லை. ஒன்றேகால் மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்கு எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன், திண்டிவனம் தாண்டியிருந்தார்கள்.

"அய்யோ, மறந்துட்டேம்மா. நீ எங்க நிக்கிற?"

"மெஷின் முன்னாடிதாண்ணா."

"மூடி போட்டிருக்குதா பாரு. பக்கத்துல பையன் யாருனா கை வெச்சிருக்கானா?"

"யாரும் இல்லண்ணா. பார்த்துட்டேன்."

"சரி, கை எடுத்துட்டேன். போட்டுக்கோ."

குறியீட்டை ஸ்கேன் செய்தேன். பிஎம்சி பதில் சொல்ல ஒரு நொடி ஆனது. விசிறிகள் எழுந்தன. சத்தம் அவருக்கும் கேட்கட்டும் என்று போனை ரேக் பக்கமாகப் பிடித்தேன்.