கடைசி என்று தெரியாமல் வரைந்த எபிசோடு

2014-இல் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு கிளையண்ட் ஒருவருக்காக 2டி தொடர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சக்தி கிடைத்துவிட்ட ஒரு பள்ளிக்கூடப் பையனின் கதை. மொத்தம் 26 எபிசோடு என்று பேச்சு. 17 முடிந்திருந்தது, 18-இல் என் பங்கு ஷாட்களில் பாதி தாண்டியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த கையோடு எல்லோரையும் கூப்பிட்டார்கள். கிளையண்ட் கம்பெனி கைமாறிவிட்டது, புதிதாக வாங்கியவர்களுக்கு இந்தத் தொடர் வேண்டாம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இல்லை. அடுத்த ப்ராஜெக்ட் இருந்தது. அந்தப் பையனைப் பதினான்கு மாதம் வரைந்திருக்கிறேன். அவன் தலையைச் சொறிவது எப்படி, பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பான் என்பதெல்லாம் என் கைக்கு மனப்பாடம். அவனை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டு வருவதுபோல் இருந்தது.

சாயங்காலம் எங்கள் லீட் அண்ணா கிளம்பவில்லை. "தம்பி, ஒரு எபிசோடு பார்த்துட்டுப் போ" என்றார். அவர் மானிட்டரில் போட்டது 'தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' தொடரின் கடைசி எபிசோடு, 'ஃபைனல் கர்ட்டன்'. அமெரிக்காவில் 2009 நவம்பர் 18 அன்று ஒளிபரப்பானது. நான் அதற்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அந்தத் தொடரைப் பார்த்திருந்தேன்.

கிரெக் வைஸ்மனும் விக்டர் குக்கும் உருவாக்கிய தொடர் அது. ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டர் பார்க்கர் அதில் பள்ளியில் படிக்கும் பையன். அவன் படிப்பதுதான் கதையின் அடித்தளமே. அதனால் எபிசோடுகளுக்குப் பாடத்தின் வாசனையோடு பெயர் வைத்தார்கள். ஒரு தொகுப்புக்கு உயிரியல், ஒன்றுக்கு வேதியியல், கடைசித் தொகுப்புக்கு நாடகம். பள்ளி நாடகம் ஒன்று அரங்கேறி முடிந்த பிறகு வருவதால்தான் 'கடைசித் திரை' என்ற தலைப்பு. இதையெல்லாம் அண்ணா இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அவர் எனக்குக் காட்ட நினைத்தது விந்தி நடக்கும் ஒரு நடையை. கிரீன் காப்ளின் என்ற முகமூடி வில்லன் யார் என்பது அந்தத் தொடரின் பெரிய முடிச்சு. முதல் சீசனிலேயே சண்டையில் காப்ளினுக்குக் காலில் அடிபடும். அடுத்து பீட்டரின் நண்பன் ஹாரி விந்தி விந்தி நடப்பதைப் பார்க்கிறோம். சரி, இவன்தான் என்று பீட்டரும் நம்புகிறான், பார்க்கிற நாமும் நம்புகிறோம். கடைசி எபிசோடில் முகமூடி கழன்றால் உள்ளே இருப்பது அப்பா நார்மன் ஆஸ்போர்ன். மயங்கிக் கிடந்த மகனின் காலைத் தானே முறுக்கிவிட்டு, பழியை அவன்மேல் போட்டிருக்கிறார்.

"ஒரு நடையை வைச்சு ஒரு வருஷம் ஏமாத்திருக்காங்க பாரு" என்றார் அண்ணா.

அந்த வார்த்தை என்னைச் சரியான இடத்தில் தொட்டது. எங்கள் 17-ஆவது எபிசோடில் நான் செய்ததும் அப்படி ஒரு நடைதான். சண்டையில் அடிபட்ட பையன் அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போக வேண்டும். தெருவில் விந்தி நடக்கிறான், வாசல் வந்ததும் நிமிர்ந்து சாதாரணமாக நடக்கிறான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நான்கு முறை திருப்பிக் கொடுத்தார் அண்ணா. சாதாரண நடையில், நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில், ஒரு காலடிக்கு 12 ஃபிரேம், அடுத்த காலடிக்கும் 12. விந்தும்போது இந்தச் சமன் உடைய வேண்டும். வலிக்கிற கால் தரையில் 8 ஃபிரேம்தான் நிற்கும், நல்ல கால் 16 நிற்கும். நான் முதலில் காலை மட்டும் இழுத்து இழுத்து வரைந்திருந்தேன். "வலி கால்ல இல்லடா, தோள்ல இருக்கு" என்று அவரே எழுந்து இருக்கைகளுக்கு நடுவில் நடந்து காட்டினார். வலிக்கிற கால் தரையைத் தொட்டதும் எதிர்த் தோள் மேலே போகிறது, தலை ஒரு கணம் தாமதமாகப் பின்னால் வருகிறது. அதைப் பிடித்ததும் பையனுக்கு நிஜமாகவே வலித்தது.

ஸ்பைடர்மேன் தொடரில் உருவங்களை வடிவமைத்தவர் ஷான் காலோவே. பெரிய கண், குறைந்த கோடு, உடம்பில் தேவையில்லாத ஒரு மடிப்புகூட இருக்காது. முதலில் பார்த்தபோது இவ்வளவு எளிதாக வரைந்திருக்கிறார்களே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது உண்மை. அசையும்போதுதான் புரிகிறது. கோடு குறையக் குறைய உடம்பு வேகமாக வளைகிறது, சண்டையில் ஒவ்வொரு அடியின் கனமும் தெரிகிறது. அன்று முதல் கேரக்டர் ஷீட் (ஒரு பாத்திரத்தின் உருவத்தை வரைந்து காட்டும் தாள்) கைக்கு வந்தால் எந்தக் கோட்டை எடுக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

முடிவு இன்னும் கனமானது. காப்ளின் வெடித்துச் சிதறி, நார்மன் இறந்துவிட்டதாக ஊர் நம்புகிறது. பீட்டர் ஜெயித்துவிட்டான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அவன் விரும்பும் க்வென் அவனிடம் வரவில்லை. அப்பாவை இழந்த ஹாரி, நீ இல்லையென்றால் பழைய போதைக்கே போயிருப்பேன் என்று அவளிடம் சொல்லிவிட, அவளால் ஹாரியை விட்டு வர முடியவில்லை. பீட்டர் தனியாக நிற்கிறான். நார்மனோ உயிரோடு, வேறு பெயரில், விமானம் ஏறிப் போகிறார்.

அடுத்த சீசன் வரும் என்ற நம்பிக்கையில் வைத்த முடிவு. வரவில்லை. 2009 ஆகஸ்டில், ஸ்பைடர்மேன் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலை வாங்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. ஸ்பைடர்மேனை டிவி அனிமேஷனாக எடுக்கும் உரிமை சோனியிடமிருந்து மார்வெலுக்குத் திரும்பிப் போனது. தொடரைச் செய்தவர்கள் கையில் எதுவும் இல்லை. இரண்டு சீசன், 26 எபிசோடு, அவ்வளவுதான். 2012-இல் வேறு ஒரு ஸ்பைடர்மேன் தொடர் வந்தது.

ஆனாலும் அந்த எபிசோடு பாதியில் அறுந்ததுபோல் இல்லை. போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த முடிச்சைப் போட்டிருக்கிறார்கள். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷாட்டைக்கூடத் தள்ளிவிடவில்லை. அன்று எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. (2023-இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் அந்தப் பழைய உருவம் ஒரு நொடி வந்தது, தொடரில் பீட்டருக்குப் பேசிய அதே ஜோஷ் கீட்டன் குரலில். 14 வருடம் கழித்து. தியேட்டரில் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன்.)

எபிசோடு முடிந்து டைட்டில் ஓடும்போது அண்ணா கேட்டார். "17-ல அந்த வாசல் ஷாட் உனக்குத் திருப்தியா?"

இல்லை. கிளையண்ட் ஒப்புதல் கொடுத்திருந்த ஷாட்தான், ஆனாலும் உள்ளே ஒரு உறுத்தல் இருந்தது. பையன் வாசலுக்கு வந்ததும் சட்டென்று நிமிர்ந்துவிடுகிறான். அவ்வளவு சீக்கிரம் வலியை மறைக்க யாராலும் முடியாது. தேதி நெருக்கியதால் அப்படியே அனுப்பியிருந்தேன்.

"ஃபைனல் பேக்கேஜ் புதன்கிழமைதான் போகுது" என்றார்.

திங்கட்கிழமை காலையில் வந்து முதல் வேலையாக அந்த ஷாட்டைத் திறந்தேன். பையன் கதவில் கை வைத்து நிற்கிறான். அங்கே 12 ஃபிரேம் இருந்ததை 30 ஆக்கினேன். கண்ணை மூடுகிறான், தோள் மெதுவாக இறங்குகிறது, ஒரு மூச்சு. பிறகு கதவைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்று உள்ளே போகிறான்.