செம்பருத்தித் தண்ணியும் என் பிரஷர் மாத்திரையும்

மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு முதுகெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்தால், இது சென்னைப் புழுக்கமா, என் உடம்பே கிளப்புகிற சூடா என்று எனக்கே புரியாது. ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இதை வெளியில் சொன்னதுதான் தாமதம், ஓரகத்தியில் ஆரம்பித்து மாடி வீட்டு மாமி வரை ஆளுக்கொரு மூலிகை டீ சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான், ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது உடம்பின் செல்களை ஆக்ஸிஜன் வினைகள் கெடுக்காமல் தடுக்கும் பொருள்.

அதில் விஷயம் இல்லாமல் இல்லை. பெண்மைக்கான ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனுக்கே ஓரளவு அந்தக் குணம் உண்டு, அது குறைந்ததும் ரத்தக் குழாய்க்கும் எலும்புக்கும் இருந்த காவலில் கொஞ்சம் போய்விடுகிறது. ஆவாரம்பூ, துளசி, செம்பருத்தி எல்லாவற்றிலும் பாலிஃபீனால் என்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் வகை இருக்கிறது, சோதனைக்குழாயில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சோதனைக்குழாய்க்குக் குடலும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. நாம் குடிப்பதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், அதுவும் வேறு உருவத்தில். எந்த உணவில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறையே, அந்த எண்ணை வைத்து உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என 2012-இல் பட்டியலை எடுத்துவிட்டது. பாக்கெட்டில் அச்சடிக்கிறவர்கள் மட்டும் நிறுத்தவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு நாட்டு மருந்துக் கடையில் 'பெண்களுக்கான மூலிகை டீ' என்று பொடி வாங்கி தினமும் மூன்று வேளை குடித்தேன். இனிப்பாக இருந்தது, சர்க்கரையே போடாமல். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் கால் வீங்கியது, மாத்திரை போட்டும் பிரஷர் 150-க்கு மேல். டாக்டர் பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், முதல் பெயரே அதிமதுரம். அது உப்பை உடம்பில் தேக்கி பொட்டாசியத்தை வெளியே தள்ளுமாம், பிரஷர்காரர்களுக்கு ஆகவே ஆகாது. கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது செம்பருத்திதான். தொட்டியில் பூத்த ஐந்து இதழ் ஒற்றைப் பூ, காம்பையும் மகரந்தத் தண்டையும் கிள்ளிப் போட்டுவிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் இதழை மட்டும் போட்டு மூடி வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் இதழ் வெளுத்துத் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகும், எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் அப்படியே சிவந்துவிடும். இதழுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் செய்கிற வேலை.

இதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. செம்பருத்தி டீ பிரஷரைக் குறைக்கும் என்று வருகிற ஆராய்ச்சிகள் பெரும்பாலும் நம் பூச்செடியைப் பற்றியதே அல்ல, புளிச்சகீரை இனத்தில் பூவுக்கு அடியில் இருக்கும் சிவப்புப் புல்லி இதழைப் பற்றியவை. 2010-இல் வந்த ஒன்றில் 65 பேருக்குத் தினம் மூன்று கப், ஆறு வாரம் கொடுத்தார்கள், மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. நம் வீட்டுப் பூவுக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

அப்புறம், தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, எந்த டீயானாலும் ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து சேர விடாது.

ராத்திரி வேர்ப்பது நின்றதா என்றால், இல்லை. ஆனால் காலையில் பால் விட்ட இரண்டாவது காபி நின்றுவிட்டது. ஓரகத்திக்குத்தான் கோபம், அவள் சொன்ன ஆவாரம்பூவை இன்னும் நான் பிரிக்கவே இல்லை.