பழைய வீடியோ நாடாவில் வாசகர் கடிதங்கள்

14 செப்டம்பர் 2024, சனி

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியிலிருந்து பதிந்த நாடா ஒருவழியாக வழிக்கு வந்தது. லண்டன் ஹாரோவில் அத்தானின் கராஜில் கிடந்தது, 1996இல் பதிந்த ஏதோ இந்திப் படம். அப்போது சேனல் 4 நடுச்சாமத்துக்குப் பிறகு இந்திப் படங்கள் போடும். ஆட்கள் ரெக்கார்டரில் டைமர் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். படம் எனக்கு வேண்டாம். படத்துக்கு மேலே, திரையில் தெரியாத சில வரிகளில் டெலிடெக்ஸ்ட், அதாவது ரிமோட்டில் பக்க எண் அமுக்கி டிவியிலேயே வாசிக்கும் எழுத்துப் பக்கங்கள், போய்க்கொண்டிருக்கும். ரெக்கார்டர் அதையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறது. நான் தேடுவது அதைத்தான்.

"உந்தக் குப்பையை என்னத்துக்குக் கொண்டுபோறாய்?" என்றார் அத்தான். "கடிதம் வாசிக்க" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், டெலிடெக்ஸ்ட் நொடிக்கு ஏறத்தாழ 69 லட்சம் பிட் வேகத்தில் வருகிறது. விஎச்எஸ் நாடா பிடிக்கும் அலைவரிசை 3 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். அந்த வேகத்துக்கு இது போதாது, ஆகவே எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து கிடக்கும். பழைய பிடி878 சில்லு உள்ள டிவி கார்டு ஒன்றைத் தேடி வாங்கி, அந்த வரிகளை அப்படியே கணினியில் ஏற்றினால், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்த எழுத்து வழிந்தால் இந்த மாதிரிக் கறை விழும் என்று அது ஊகிக்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானதால் பிரதிகளை ஒப்பிட்டு, பெரும்பான்மை சொல்வதை எடுத்துக்கொள்கிறது. படம் நீளமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

16 செப்டம்பர், திங்கள்

இன்று டிஜிடைசர் பக்கங்கள் தெளிந்தன.

தெரியாதவர்களுக்கு: 1993 ஜனவரி முதல் தேதி, அதுவரை இந்தப் பக்கங்களை நடத்திய ஆரக்கிள் சேவை மூடப்பட்ட மறுநாள், ஐடிவியிலும் சேனல் 4இலும் டெலிடெக்ஸ்ட் என்றே பெயர் வைத்த நிறுவனம் பொறுப்பேற்றது. அதே நாளில் தொடங்கிய வீடியோ கேம் இதழ்தான் டிஜிடைசர். நடத்தியவர் பால் ரோஸ், திரையில் பெயர் மிஸ்டர் பிஃபோ. ஆரம்ப வருடங்களில் கூடவே டிம் மூர், அவர் மிஸ்டர் ஹேர்ஸ். கேம் விமர்சனம் என்று பெயர். உள்ளே போனால் நீண்ட மோவாய் வைத்த மனிதன் ஒருவன், தன் குப்பைத்தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று பிள்ளைகளை மிரட்டும் மிஸ்டர் டி, இன்னும் என்னென்னவோ. எல்லாரும் கட்டம் கட்டமாக வரைந்த உருவங்கள்.

வாசகர் கடிதப் பக்கம் அந்தப் பைத்தியக்காரத்தனத்தின் நடுக்கூடம். 1996இல் கடிதம் என்றால் பெரும்பாலும் உறை, தபால்தலை, காத்திருப்பு. அந்த வருட விவகாரமும் காத்திருப்புத்தான்: ஜப்பானில் ஜூனில் வந்த நின்டெண்டோ 64 என்ற கேம் கருவி பிரிட்டனுக்கு 1997 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை நின்டெண்டோ பக்தர்களும் பிளேஸ்டேஷன் பக்தர்களும் சேகா விசுவாசிகளும் ஒருவரை ஒருவர் தபாலில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் திட்டி, அது பக்கத்தில் வந்து, மற்றவர் வாசித்துப் பதில் எழுதி, அதுவும் தேர்வாகி வர எப்படியும் சில நாட்கள் ஆகும். கோபம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை என்பதுதான் வேடிக்கை.

17 செப்டம்பர், செவ்வாய்

வேலை. இரவு ஒரு மணிநேரம் மட்டும். ரிமோட்டில் இருந்த "ரிவீல்" (காட்டு) பொத்தானின் மகிமை இன்றுதான் புரிந்தது. வினாடிவினாவின் விடையை மறைத்து வைக்கத்தான் அந்த வசதியைச் செய்தார்கள். டிஜிடைசர் அதில் ஜோக்கை ஒளித்தது. பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு வெற்றிடம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், கறுப்பிலிருந்து ஒரு வசவு எழும்பி வரும். வழக்கமான வாசகனுக்கு மட்டும் தெரிந்த கள்ளக்கதவு. அப்பா செய்தி பார்க்கும் அதே டிவியில் இது நடந்திருக்கிறது!

19 செப்டம்பர், வியாழன்

பக்கத்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் கடிதங்களின் குரலே அதிலிருந்துதான் பிறக்கிறது. வரிக்கு 40 கட்டம், மொத்தம் 25 வரி. மேல் வரியில் பக்க எண், தேதி, நேரம். அடிவரியில் நான்கு வண்ணப் பொத்தான்களுக்கான தலைப்புகள். நடுவில் இதழின் பெயரைக் கொட்டை எழுத்தில் வரைந்தால் அதற்குச் சில வரி. கடிதத்துக்கு மிஞ்சுவது எழுநூறு எழுத்துச் சொச்சம். இதில் ஒரு சொல்லுக்கு நிறம் மாற்றினால் அதற்கு முன்னால் ஒரு கட்டம் வெறுமையாகப் போய்விடும், நிறத்துக்கான குறியே அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். மஞ்சளுக்குக்கூட வாடகை! ஒரே பக்க எண்ணில் பல துணைப்பக்கங்கள் தாமாகச் சுழலும். மெதுவாக வாசிப்பவர் பக்கத்தை நிறுத்தி வைக்க "ஹோல்ட்" அமுக்க வேண்டும், தவறவிட்டால் முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் முன்னுரை எழுத முடியாது. "பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கினால் ஒரு வரி அதிலேயே காலி. எனவே கடிதங்கள் நடுவிலிருந்தே தொடங்குகின்றன, யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பாதிப் பேச்சைப் பேசுவதுபோல. புனைபெயர்கள்கூட எழுத்தை எண்ணி வைத்தவையாகத் தெரிகின்றன. சேனல் 4 டெலிடெக்ஸ்டில் இளசுகளுக்கென்றே இருந்த மெகா-ஸீனிலும், இசைக்கான பிளானட் சவுண்டிலும் இதே கூத்துத்தான். அங்கும் புனைபெயர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பெயரால் அறிவார்கள், முகம் தெரியாது.

ஆனால் எனக்கு இந்தச் சுற்றத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதையில் ஒரு இடம் உடன்பாடில்லை. "இணையத்துக்கு முந்திய இணையம்" என்கிறார்கள். இல்லை. இங்கே யாரும் யாரோடும் நேராகப் பேச முடியாது. எல்லாம் ஒரு மனிதரின் மேசை வழியாகப் போகிறது. எதை எடுப்பது, எங்கே வெட்டுவது, எந்த அசட்டுக் கடிதத்தை அதன் அசட்டுத்தனத்துக்காகவே போட்டு ஒரு வரியில் குத்துவது, எல்லாம் அவர் கையில். இலங்கை வானொலிக்கு நேயர்கள் எழுதிய கடிதங்களோடு ஒப்பிட்டால் பொருந்தும். ஊர் ஊராகப் பெயர்கள் வரும், ஆனால் அறிவிப்பாளரின் வாயில் ஏறினால்தான் அவை பெயர்கள். டிஜிடைசரின் வாசகர்கள் பிஃபோவின் நக்கலைக் கற்றுக்கொண்டு அதே நக்கலில் எழுதினார்கள், அதை அவர் இன்னொரு படி தூக்கிவிட்டார். நல்ல ஆசிரியர் கிடைத்ததால் கூடிய கூட்டம் இது. கருவி இரண்டாம்பட்சம்.

எல்லாமே சிரிப்பு வருகிறதா என்றால், இல்லை. பாதி ஜோக் பழசாகிவிட்டது. சிலதில் ஈவிரக்கமில்லாத கேலி, எழுதியவன் பள்ளிக்கூடப் பையன் என்பது கையெழுத்தே இல்லாத எழுத்திலும் தெரிகிறது.

21 செப்டம்பர், சனி

அத்தான் இன்னொரு பை கொடுத்தார். 1998 ஆகஸ்ட், ஓவல் டெஸ்ட், முரளி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 16 விக்கெட் எடுத்த ஆட்டம். பிபிசியில் பதிந்தது, ஆகவே உள்ளே இருப்பது பிபிசியின் சொந்த டெலிடெக்ஸ்ட் சேவையான சீஃபாக்ஸ். சுத்தமான, ஒழுங்கான பக்கங்கள். செய்தி, வானிலை, ஸ்கோர். மருந்துக்கும் ஒரு மோவாய் மனிதன் இல்லை. கடிதத்துக்கு இந்த நாடா உதவாது. ஆனாலும் இரண்டாவது இன்னிங்ஸின் 9 விக்கெட்டையும் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன், அதற்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது.

22 செப்டம்பர், ஞாயிறு

டிஜிடைசரின் கடைசிக் காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மேலிடம் நகைச்சுவையைக் குறைக்கச் சொன்னது. மோவாய்க்காரனும் மற்றவர்களும் வெளியேற, வெறும் கேம் செய்தி மிஞ்சியது. வாசகர்கள் முறையிட்டார்கள். முடியும் தறுவாயில் பழைய குறும்பு திரும்ப வந்தது, 2003 மார்ச்சில் இதழ் நின்றது. நிறுவனத்தின் பக்கமும் ஏதாவது நியாயம் இருந்திருக்கலாம், கேம் விலை பார்க்க வந்தவருக்குக் குப்பைத்தொட்டி மிரட்டல் எதற்கு? ஆனால் கேம் விலைக்காக மட்டும் யாரும் தினமும் எழுதிப் போடுவதில்லை. பிஃபோ 2018இல் வாசகர்களிடமே பணம் திரட்டி யூடியூபில் டிஜிடைசர் நிகழ்ச்சி நடத்தினார். பதினைந்து வருடம் கழித்தும் பணம் கொடுக்க ஆள் இருந்தது.

23 செப்டம்பர், திங்கள்

இன்று சீஃபாக்ஸுக்கு 50 வயது, 1974 செப்டம்பர் 23இல் தொடங்கியது. 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது அதுவும் நின்றது. சேனல் 4 பக்கங்கள் அதற்கு முன்பே, 2009 டிசம்பரில் போய்விட்டன.

மீட்ட பக்கங்களைப் பொதுவில் ஏற்றுவதா என்பதுதான் இன்றைய தலைவலி. ஆர்வலர்கள் பலர் அப்படியே ஏற்றுகிறார்கள், அவர்கள் வேலை இல்லாவிட்டால் நான் இதைத் தொடங்கியே இருக்கமாட்டேன். இருந்தாலும் கடிதம் எழுதியவர்கள் சீக்கிரமே அழிந்துபோகும் பக்கத்துக்குத்தான் எழுதினார்கள். சிலர் புனைபெயர் போடாமல் முழுப்பெயரும் ஊரும் போட்டிருக்கிறார்கள். பதினைந்து வயதில் சேகாவுக்காக ஊரையே சாபமிட்டவர் இன்று எங்காவது கணக்காளராக இருப்பார், பெயரைத் தேடினால் அந்தச் சாபம் முதலில் வந்து நிற்கக்கூடாது.

முடிவு இதுதான்: புனைபெயர்க் கடிதங்களும் ஆசிரியரின் பக்கங்களும் அப்படியே போகும். முழுப்பெயரும் ஊரும் சேர்ந்து வரும் இடத்தில் குடும்பப்பெயரை மட்டும் கட்டங்களால் மூடிவிடுவேன். ரிவீல் வேலை செய்யாது, அதை நன்றாகச் சோதித்துவிட்டேன்.