பாட்டியின் குடும்ப அட்டையும் 1964 ஒப்பந்தமும்

சர்வதேச அரசியலில் எம்.ஏ. படிக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி "ஐ.ஏ.எஸ்.ஸுக்கா?" என்றுதான் வருகிறது. என் வகுப்பிலேயே பாதிப் பேர் மாலையில் அண்ணா நகர் பயிற்சி மையங்களுக்கு ஓடுகிறவர்கள், அதில் தப்பே இல்லை. என்னை இந்தப் பாடத்தில் பிடித்து நிறுத்தியது வேறொன்று.

முதல் செமஸ்டரில் இந்திய வெளியுறவுக் கொள்கை பேப்பர். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு கைடில் இரண்டே வரி. ஆண்டைச் சரியாக எழுதினால் மார்க் விழும். ஆனால் எங்கள் பேராசிரியை, "கைடை மூடி வச்சுட்டு ஒப்பந்தத்தையே படிச்சிட்டு வாங்க" என்றார். வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் பழைய ஒப்பந்தங்கள் எல்லாம் கிடைக்கின்றன. சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி போனில் திறந்தேன், வேளச்சேரி வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன், அவ்வளவு சின்னது.

1964 அக்டோபர் 30. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எல்லாம் 15 ஆண்டுகளுக்குள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 1974இல் இரண்டு நாடும் ஆளுக்கு 75,000 பேர் என்று பிரித்துக்கொண்டன. 1964 கணக்குப்படி ஏழு பேர் இங்கே வந்தால் நான்கு பேருக்கு அங்கே குடியுரிமை.

அந்த ஏழு பேரில் ஒருத்தி என் பாட்டி.

வகுப்பில் இதற்கு யதார்த்தவாதம், அதாவது நாடுகள் தங்கள் நலனை வைத்துத்தான் முடிவெடுக்கும் என்கிற கோட்பாடு, நல்ல விளக்கம் தருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. 1964 மே மாதம் அவர் இறந்துவிட்டார், 1962 சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளின் நட்பு இந்தியாவுக்குத் தேவைப்பட்டது, சாஸ்திரி இறங்கி வந்தார். தேசிய நலன். எனக்கும் அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் இலங்கையின் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைத் தேசிய நலன் என்ற சொல் மூடிவிடுகிறது. அவர்களுடைய தலைவர் தொண்டமான் எதிர்த்தார், இருந்தும் நடந்தது. இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் வருமோ வராதோ, நான் எழுதத்தான் செய்வேன்.

பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அப்போது இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் ஒப்பந்தத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, கையில் அட்டையை வைத்துக்கொண்டு கேட்டார். "எங்கள யாரு கேட்டா? அப்பா மனுப் போட்டாரு, பாஸ்போர்ட் வந்துச்சு, கெளம்பிட்டோம்" என்றார். கப்பலில் தங்கை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது மட்டும்தான் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆய்வேட்டுக்கு இதையே எடுத்திருக்கிறேன். தலைப்பில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதியிருந்தேன், அரசு ஆவணங்களில் இருக்கிற சொல் அதுதான். பாட்டி அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "நான் பொறந்தது அங்க. இந்த ஊர அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. நான் எப்படிடா திரும்பி வந்தேன்?"

பேராசிரியையிடம் சொன்னேன். அந்தச் சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது, யாருக்கு வசதியாக இருந்தது என்று முதல் அத்தியாயத்தையே அதிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், நடு மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது.