நூலகத்தின் அடியில் இருந்த ஆடுகளம்

ஐம்பது வயதைக் கடந்தபின் சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில் மகளோடு குடியேறிய எனக்கு, இவ்வூரின் குளிரைவிட அந்நியமாகப் பட்டது, இலையுதிர்காலம் முழுவதும் அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஃபுட்பால். அதை எனக்கு நெருக்கமாக்கியவர், அந்த ஆட்டத்தின் பழம்பெரும் பயிற்சியாளர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். நான் அன்றாடம் கடந்துசெல்லும் ரீகன்ஸ்டைன் நூலகம், அவர் பெயரைத் தாங்கிய பழைய மைதானம் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. அம்மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியதால், வெளியூரிலிருந்து வருவோர் ஃபெர்மியைத்தான் விசாரிக்கிறார்கள். நான் ஸ்டாக்கைத் தேடிப் படித்தேன்.

1862இல் நியூ ஜெர்சியில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்துவீச்சாளராகப் பெயர்பெற்று, 1889இல் முதன்முதலாகத் தேர்வான அனைத்து அமெரிக்க ஃபுட்பால் அணியிலும், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலிலும், இடம்பெற்றார். பிறகு, ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் அவரோடு பணியாற்றினார். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் 5-1 என வென்றபோது, ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியை எடுத்தவரும் அவரே.

அதே ஆண்டு, யேலில் தமக்குக் கற்பித்தவரும் புதிதாகத் திறந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவருமான வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் அழைப்பை ஏற்று அங்கே வந்தார். விளையாட்டுப் பயிற்சியாளருக்குப் பேராசிரியர்களுக்கு இணையான தகுதி அளித்தது அக்காலத்தில் துணிச்சலான முடிவு. அது சரியான முடிவும்கூட என்றே நான் கருதுகிறேன். நாற்பது ஆண்டுகளில் அவரது அணி வட்டாரப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான மேற்கு மாநாட்டின் பட்டத்தை ஏழு முறை வென்றது. 1905இல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் அணியை அது 2-0 என வீழ்த்தியது. பந்தை வைத்திருக்கும் வீரரை அவரது சொந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மடக்கினால் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் என்னும் விதி தெரியாதவரை அந்த எண்ணிக்கை எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தாளில் களத்தை வரைந்து பொறுமையாக விளக்கினார். எங்கள் நட்பு தொடங்கியதும் அன்றுதான்.

70 வயதானதும் பல்கலைக்கழகம் ஸ்டாக்கைக் கட்டாய ஓய்வில் அனுப்பியது. அனுப்பிய வேலை விண்ணப்பங்களுக்குப் பதிலின்றி, இந்த வயதில் இனி என்ன தொடங்குவது என்று நான் உறக்கமின்றிக் கிடந்த நாட்களில்தான் இப்பகுதியைப் படித்தேன். அவர் 1933இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்குச் சென்று, பசிபிக் கல்லூரி என்ற சிறிய கல்லூரியில் மீண்டும் பயிற்சியாளரானார். 1943இல், 81 வயதில், சக பயிற்சியாளர்கள் அவரை அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் பென்சில்வேனியாவில் சஸ்க்வஹானா பல்கலைக்கழகத்தில் மகனுக்குத் துணையாகப் பணியாற்றி, மறுபடி ஸ்டாக்டனுக்கே திரும்பி, அங்கிருந்த இளநிலைக் கல்லூரியில் பந்தை உதைக்கும் வீரர்களுக்கு 98 வயதுவரை நுணுக்கம் சொல்லிக்கொடுத்துவந்தார்.